பாட்டுக் கட்டப் பழகுவது எப்படி? முதலில் சந்தம், பிறகு சொல்

உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சொற்களை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, ‘தன்னன்னா தானன்னா’ என்று மெட்டை மட்டும் பல்லவியிலிருந்து சரணம் வரை பாடிப் பாருங்கள். தடுமாறாமல் பாட முடிந்தால் சொந்தப் பாட்டுக்கான பாதி வேலை முடிந்தது. தடுமாறினால், எந்த இடத்தில் தடுமாறினீர்களோ அந்த இடத்தை நூறு முறையானாலும் திரும்பக் கேளுங்கள். பாட்டுக் கட்டுகிறவரின் திறமை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நான் குடியாத்தத்தில் தமிழாசிரியையாக இருந்தவள். என் அப்பா கைத்தறி நெசவாளர்; சனிக்கிழமை தோறும் பஜனைக் கோயிலில் ஹார்மோனியம் வாசிப்பார். அந்த ஹார்மோனியத்தை நடுவில் வைத்துக்கொண்டுதான் இப்போது மாலை நேரங்களில் எங்கள் மொட்டை மாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கட்டச் சொல்லித் தருகிறேன். லுங்கித் தறி ஓட்டுகிறவர், மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர், செவிலியர் படிப்புப் படிக்கும் பெண், ஆம்பூர்ப் பக்கம் தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவர் என்று பலரும் வருகிறார்கள். ஒவ்வொருவர் மனத்திலும் ஓர் இசைக்கலைஞர் உட்கார்ந்திருக்கிறார். அவர்மீது உள்ள பற்றுதான் இவர்களை மாடிப்படி ஏற வைக்கிறது. ஆனால் பலரும் அவரைப் போற்றுவதோடு நின்றுவிடுகிறார்கள். ‘அவர் மாதிரி வருமா’ என்று பெருமூச்சு விட்டு நோட்டை மூடிவிடுகிறார்கள்.

போற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவரை அளந்தும் பாருங்கள். ஒரு வரியை எத்தனை அசைவில் முடிக்கிறார், எங்கே மூச்சு வாங்குகிறார், எந்த வரியைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவில் நடப்பதை அதற்குள் வையுங்கள். நான் சொல்லித் தருவது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதைச் செய்கிற முறை.

பெரியவர்கள் இப்படித்தான் தொடங்கினார்கள்

அளவைக் கடன் வாங்குவது திருட்டு என்று சிலர் கூசுகிறார்கள். அவர்களுக்கு நான் அமெரிக்காவின் பாப் டிலனைப் பற்றிச் சொல்வேன். 1961இன் தொடக்கத்தில், 19 வயதில், அவர் நியூயார்க்குக்கு வந்தார். அவர் மனத்தில் உட்கார்ந்திருந்தவர் வூடி கத்ரி என்ற நாட்டுப்புறப் பாடகர். கத்ரி அப்போது தீராத நரம்பு நோயோடு நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனையில் இருந்தார். டிலன் அவரைத் தேடிப் போய்ப் பார்த்தார், அவருக்கு அவருடைய பாட்டுகளையே பாடிக் காட்டினார். பிறகு அவரைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். அந்தப் பாட்டின் மெட்டு கத்ரியின் பழைய பாட்டு ஒன்றின் மெட்டு! 1962இல் வந்த டிலனின் முதல் இசைத்தட்டில் 13 பாட்டுகள். அவற்றில் அவரே எழுதியவை இரண்டுதான், இந்தப் பாட்டு அவற்றில் ஒன்று. அவருக்குத்தான் 2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. கத்ரியும் அதே வழியில் வந்தவர். 1940இல் அவர் எழுதிய மிகப் புகழ்பெற்ற பாட்டின் மெட்டு, கார்ட்டர் குடும்பத்தார் பாடிய ஒரு பக்திப் பாட்டின் மெட்டை ஒட்டியது.

நம் பக்கத்தில் இந்த வழக்கம் அதைவிடப் பழையது. நொண்டிச் சிந்தும் கும்மியும் மக்கள் வாயில் இருந்த வடிவங்கள்; பாரதி அவற்றை எடுத்துத் தன் காலத்துச் சேதியை அவற்றில் ஏற்றினார். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடி தூக்கிப் போகிறவர்களின் நடையை எடுத்துச் சிந்து பாடினார்; 1891இல் இளம் வயதிலேயே இறந்துபோன அவருடைய சிந்துகள் இன்றும் பாடப்படுகின்றன. இளையராஜா சினிமாவுக்கு வந்தது 1976இல். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராக மேடையேறி, மக்களுக்கு எந்த மெட்டு உடனே பிடிபடுகிறது என்பதைப் பார்த்தவர் அவர்.

யாரைப் பின்பற்றுவது என்பதற்கு நான் ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறேன். அவருடைய பாட்டை, பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல், கையால் தொடையில் தட்டிக்கொண்டு உங்களால் பாட முடிய வேண்டும். ஐம்பது வயலின்கள் சேர்ந்து தூக்கி நிறுத்துகிற பாட்டு கேட்க அருமையாக இருக்கும், கற்றுக்கொள்ள உதவாது. ஒருவரையே தேர்ந்தெடுங்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அவரோடு மட்டும் இருங்கள்.

சந்தம் பிடிப்பது

என் பிள்ளைகள் யாரைப் பிடித்துக்கொண்டு வந்தாலும், முதல் மாதம் அருணகிரிநாதரிடம்தான் அனுப்புகிறேன். திருவண்ணாமலைக்காரர், 1989இல் பிரிக்கப்படும் வரை திருவண்ணாமலையும் எங்கள் வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. அவர் பாடிய திருப்புகழில் இன்று கிடைப்பவை ஏறத்தாழ 1,300 பாடல்கள். பெரும்பாலான பதிப்புகளில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் அதன் சந்தத்தைத் தனியாக அச்சிட்டிருப்பார்கள்: தத்தன, தனதன, தந்தன என்று. இப்படிச் சொல்லையும் அளவையும் தனித்தனியே பிரித்துக் காட்டும் பாடப்புத்தகம் வேறு எந்த மொழிக்காரருக்குக் கிடைக்கும்!

முறை எளிது. ‘தான’ என்றால் நெடில், குறில்: ‘கூட’, ‘பால’. ‘தத்த’ என்றால் குறிலுக்குப் பின் வல்லின ஒற்று: ‘பத்து’, ‘கட்டு’. ‘தந்த’ என்றால் மெல்லினமும் வல்லினமும் மோதும்: ‘சங்கு’, ‘பந்து’. ‘தன்ன’ என்றால் ‘கன்னி’, ‘மண்ணு’. ‘தய்ய’ என்றால் ‘வெல்ல’, ‘பள்ளி’. இந்த ஐந்தையும் வாயில் போட்டுக்கொண்டு, கண்ணில் படுகிற சொல்லையெல்லாம் சந்தமாக மாற்றிப் பாருங்கள். பஸ்ஸில் போகும்போது செய்யலாம். காட்பாடி, தாத்தானி. ஆற்காடு, தாத்தானு. ஒடுகத்தூர், தனதத்தா. கடைப் பலகைகளை இப்படிப் படித்துப் பழகியவர்களுக்குச் சில வாரங்களிலேயே காது திறந்துவிடுகிறது. ஒரு சொல்லைக் கேட்டவுடன் அதன் பொருளுக்கு முன்னால் நடை தெரிந்துவிடும்.

தறியில் பாவு ஏற்றிய பிறகுதான் ஊடைக்கு வேலை. அப்படித்தான் சந்தமும் சொல்லும்.

‘இந்த வயதில் இதெல்லாம் எனக்கு வருமா’ என்று தயங்குகிறவர்கள் பொன்னை போகிற வழியில் உள்ள வள்ளிமலைக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். அங்கே வாழ்ந்த சச்சிதானந்த சுவாமிகள் முன்பு மைசூர் அரண்மனையில் சமையல் பணியில் இருந்தவர். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. நடுவயதில் திருப்புகழ் காதில் விழுந்தது. அதைப் படிப்பதற்காகவே தமிழ் எழுத்துக் கற்றார். 1950இல் மறையும் வரை அதைப் பாடியும் பரப்பியும் வந்தார். ஒரு சந்தம் ஒரு மனிதரை எழுத்தறிய வைத்த மலை அது. அந்தப் படிகளில் ஏறும்போது நான் ஒவ்வொரு முறையும் அதை நினைத்துக்கொள்வேன்.

ஒரு பாட்டு உருவான விதம்

இனி ஒரு பாட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். வேலூரில் பெரிய மருத்துவமனை இருக்கும் சாலைக்கு எதிர்த்தெருவில், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் என்னிடம் வருகிறார். இளையராஜாவின் பாட்டென்றால் உயிர். வேலூர்க்காரர்களுக்கு அந்தத் தெருக்கள் தெரியும்: விடுதிப் பலகைகளில் பாதி வங்காள எழுத்து, சாப்பாட்டுக் கடைகளில் மீன்குழம்பு வாசம், கையில் பெரிய எக்ஸ்ரே உறையோடு நடந்து போகும் குடும்பங்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்கள். அவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று சொன்னார். அவர் எழுதி வந்த முதல் வரி இது:

நோயாளிகளின் துயரங்களைக் கண்டேன் மருத்துவமனை வாசலிலே

எண்ணம் நல்லது. பாட முடியாது. அவருக்குப் பிடித்த மெட்டு ஒன்றைத் தத்தகாரத்தில், அதாவது சொல் இல்லாமல் வெறும் சந்தமாக, பாடச் சொன்னேன். அது ‘தானன தானன தானன தானா’ என்று வந்தது. நெடிலுக்கு இரண்டு, குறிலுக்கு ஒன்று என்று எண்ணினால் ஒரு ‘தானன’ நான்கு மாத்திரை. நான்கும் சேர்ந்தால் பதினாறு. எட்டுத் தட்டு உள்ள ஆதிதாளத்தில் ஒரு தட்டுக்கு இரண்டு மாத்திரை என்று வைத்தால் வரி ஓர் ஆவர்த்தனத்தில், அதாவது தாளத்தின் ஒரு சுற்றில், சரியாக முடிந்துவிடும். இதில் ‘மருத்துவமனை’ என்ற சொல்லை வைத்துப் பாருங்கள், உட்காராது. நெடிலில் தொடங்கித் துள்ள வேண்டிய இடத்தில் குறில்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ‘துயரங்கள்’ என்பதும் அப்படித்தான். அலுவலகத்து நீளச் சொற்கள் பெரும்பாலும் துள்ளுநடைச் சந்தத்துக்கு ஒத்துழைக்காது. அவற்றைத் தள்ளிவிட்டால் தானாகவே வாசல், சீட்டு, காசு, முந்தி என்று கைக்கு எட்டும் பொருள்கள் வந்து சேரும்.

‘துயரம் என்று எழுதாதீர்கள், கடையில் நிற்கும்போது யாரைப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்’ என்றேன். ஓர் அம்மாவைச் சொன்னார். தமிழ் தெரியாது. மாத்திரைச் சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாராம். சந்தையில் காயைச் சுட்டிக் காட்டி, விரலை நீட்டி, முந்தியில் முடிந்த காசை எண்ணிக் கொடுத்தாராம். அவ்வளவு போதும். அவரிடமே பேசுவதுபோல் எழுதச் சொன்னேன்.

பல்லவி இப்படி வந்தது:

ஊரெது பேரெது கூறிடு தாயே
ஊரெலாம் தூங்கவும் நீயுறங் காயோ

தட்டிப் பாடினோம். முதல் வரி வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாம் வரியில் ‘ஊரெலாம்’ வந்தவுடன் தாளம் இழுத்தது. யாப்பிலக்கணப்படி அதுவும் ‘ஊரெது’ போலக் கூவிளம் என்ற சீர்தான், குற்றம் இல்லை. ஆனால் ‘லா’ நெடில். ‘தானன’ இருக்க வேண்டிய இடத்தில் ‘தானனா’ வருகிறது, ஒரு மாத்திரை கூடிவிடுகிறது. ‘ஊரவர்’ என்று மாற்றினோம். ஓசை உடனே சரியாயிற்று. இறுதியில் வரும் ர், ம் போன்ற ஒற்றுகள் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். சந்தத்தைக் கறாராகப் பார்க்கிறவர்கள் அதையும் கணக்கில் எடுப்பார்கள். தொடக்கத்தில் உங்களுக்கு அது வேண்டாம், நெடிலை மட்டும் கவனியுங்கள்.

ஊரெது பேரெது கூறிடு தாயே
ஊரவர் தூங்கவும் நீயுறங் காயோ

சரணங்கள்:

மாத்திரைச் சீட்டினை மார்பொடு சேர்த்துக்
காத்திருந் தாயொரு கார்த்திகை மாதம்

சந்தையில் நின்றொரு கைவிரல் காட்டி
முந்தியில் காசினை எண்ணிடு வாயே

‘மாத்திரை, காத்திருந்தாய்’, ‘சந்தையில், முந்தியில்’ என்று இரண்டாம் எழுத்து ஒத்துவருவதைப் பாருங்கள். எதுகை அழகுக்காக மட்டும் வருவதில்லை. பாடுகிறவருக்கு அடுத்த வரி நினைவுக்கு வர அது கைப்பிடி. ஆனால் எதுகைக்காகப் பொருளை விற்றுவிடக் கூடாது. ‘சந்தையில்’ என்பதற்கு ‘விந்தையில்’ என்று அவர் முதலில் எழுதியிருந்தார். அந்த அம்மா எந்த விந்தையிலும் நிற்கவில்லையே என்று கேட்டேன், அவரே அடித்துவிட்டார்.

சொல் கிடைக்கும்வரை வெறும் தத்தகாரத்திலேயே பாடிக்கொண்டிருங்கள், அல்லது வாய்க்கு வந்த சொல்லைப் போட்டு வையுங்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னிக்கு 1965இல் உலகப் புகழ் தந்த மெட்டு ஒன்று, தூங்கி எழும்போது மனத்தில் தோன்றியதாம். சொல் கிடைக்காமல், நெடுநாள் அதை முட்டைப் பொரியலைப் பற்றிய வரிகளோடுதான் பாடிக்கொண்டிருந்தார். மெட்டு மறந்துவிடாமல் இருக்க அந்த முட்டை உதவியது.

திரும்பி வரும் வரி

பெங்களூர் சாலையில், வேலூரைத் தாண்டினால் விரிஞ்சிபுரம். அங்குள்ள மார்க்கபந்தீசுவரர் மீது, ஆரணிக்குப் பக்கத்து அடையபலத்தில் பிறந்த அப்பய்ய தீட்சிதர் 16ஆம் நூற்றாண்டில் ஒரு சமஸ்கிருதத் துதி பாடினார். வழிப்போக்கர்கள் துணைக்காகச் சொல்லும் துதி அது. மொழி தெரியாவிட்டாலும் கேளுங்கள். ஒவ்வொரு சுலோகத்துக்குப் பிறகும் ‘சம்போ மகாதேவ தேவ’ என்று அதே வரி வருகிறது. நடந்துகொண்டே சொல்கிறவருக்கு அந்த வரி வந்ததும் மூச்சு நிலைக்கு வந்துவிடும். சுலோகங்கள் தெரியாதவரும் அந்த ஒரு வரியில் சேர்ந்துகொள்ளலாம்.

பல்லவியை இப்படி நினைத்து எழுதுங்கள். உங்கள் பாட்டின் மிகப் பெரிய கருத்தை அதில் திணிக்க வேண்டாம். எந்தச் சரணத்துக்குப் பிறகு வந்தாலும் பொருந்த வேண்டும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறாக ஒலிக்க வேண்டும். மேலே உள்ள பாட்டில் ‘ஊரெது பேரெது’ முதலில் வெறும் விசாரிப்பு. மாத்திரைச் சீட்டுக்குப் பிறகு அதுவே கவலை. சந்தைக்குப் பிறகு, பழகிவிட்ட ஒருவரின் பெயர் இன்னும் தெரியவில்லையே என்ற ஆதங்கம். சொல் மாறவில்லை.

பல்லவி தேறுமா என்று பார்க்கத் தெருக்கூத்தில் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. எங்கள் பக்கம் கோடையில் திரௌபதை அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து. வேஷக்காரர் பாடிய வரியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திரும்பப் பாடுவார்கள். முகவீணையும் ஹார்மோனியமும் மிருதங்கமும் ஒலிக்க, ஊரே உட்கார்ந்திருக்க, ஒரு வரியை ஒருமுறை கேட்டவுடன் வாங்கிக்கொள்ள வேண்டும். செய்யாறு பக்கத்துப் புரிசைத் தம்பிரான் குடும்பத்தாரின் கூத்தை ஒரு விடியும்வரை பார்த்தவர்களுக்கு இது புரியும். கண்ணப்பத் தம்பிரானின் பெயர் நாடெங்கும் பரவியதற்கு அடவும் வேஷமும் எவ்வளவு காரணமோ, பாட்டும் அவ்வளவு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நீங்கள் கட்டிய பல்லவியை வீட்டில் யாரிடமாவது ஒருமுறை பாடிக் காட்டுங்கள். உடனே அவர்களைத் திரும்பப் பாடச் சொல்லுங்கள். தாளைக் காட்டக் கூடாது. எங்கே வேறு சொல்லைப் போடுகிறார்களோ, அந்த இடம் பலவீனம். பெரும்பாலும் அவர்கள் போட்ட சொல்லே நன்றாக இருக்கும், வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடன் வாங்கிய மெட்டைத் திருப்பிக் கொடுப்பது

இதுவரை நீங்கள் பாடியது இன்னொருவரின் மெட்டில். இனி அதிலிருந்து வெளியே வர வேண்டும். வரிகள் உறுதியாக நின்றுவிட்டதால் பயம் இல்லை. சந்தம் உங்கள் கையில் இருக்கிறது, மேலே போகும் சுரங்களை மட்டும் மாற்றப் போகிறீர்கள்.

இசை படிக்காதவர்களுக்கு ஹார்மோனியத்தின் கறுப்புக் கட்டைகளே போதும். சேர்ந்தாற்போல் மூன்றும் இரண்டுமாக மொத்தம் ஐந்து. மூன்று கட்டைக் கூட்டத்தின் முதல் கட்டை, அதாவது நாலரைக் கட்டையை ஸட்ஜமாக (தொடக்கச் சுரமான ‘ஸ’வாக) வைத்துக் கறுப்பில் மட்டும் மேலே ஏறுங்கள்: மோகனம். கூட்டத்தின் நடுக்கட்டையிலிருந்து ஏறினால் மத்தியமாவதி. மூன்றாவதிலிருந்து இந்தோளம். இரண்டு கட்டைக் கூட்டத்தின் முதலாவதிலிருந்து சுத்த சாவேரி, இரண்டாவதிலிருந்து சுத்த தன்யாசி. ஐந்தே கட்டைகள், ஐந்து ராகங்கள். ஒரு வெள்ளைக் கட்டையைக்கூடத் தொட வேண்டாம். கையில் ஹார்மோனியம் இல்லாதவர்கள் செல்பேசியில் விசைப்பலகைச் செயலியை வைத்துக்கொண்டு பழகலாம்.

மருந்துக்கடை இளைஞர் தம் பாட்டை முதலில் மோகனத்தில் பாடினார். இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அம்மா திருவிழாவுக்கு வந்தவர்போல் ஆகிவிட்டார். விரல்களை அதே கட்டைகளில் வைத்துக்கொண்டு, தொடங்கும் இடத்தை மட்டும் இரண்டரைக் கட்டைக்கு மாற்றச் சொன்னேன். சுத்த தன்யாசி வந்தது. ‘நீயுறங் காயோ’ என்ற இடத்தில் மாடியில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த மெட்டு அவருடையது.

மெட்டுப் போடும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நீட்டிப் பாடும் சுரம் நெடிலின் மேல் விழ வேண்டும். ‘தாயே’, ‘காயோ’ என்று முடித்தால் வேண்டிய அளவு நீட்டலாம். ‘எண்ணிடு’ என்ற இடத்தில் நீட்டப் பார்த்தால் தொண்டை அடைபடும், சொல்லும் சிதையும். இதைக் காதால் கற்க, வாணி ஜெயராமைக் கேளுங்கள். 1945இல் வேலூரில் பிறந்தவர். பல மொழிகளில் பாடி, பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை மூன்று முறை பெற்றவர். 2023இல் நம்மை விட்டுப் போனார். ஸ்தாயி எவ்வளவு மேலே போனாலும் அவர் குரலில் ழகரமும் றகரமும் கலங்குவதில்லை. அவருடைய பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, எந்த எழுத்தில் நீட்டுகிறார், எந்த எழுத்தைத் தொட்டுவிட்டு உடனே விடுகிறார் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். எழுதுகிறவர் பாடகிக்குச் செய்யக்கூடிய உதவி என்ன என்பது அந்தத் தாளில் தெரிந்துவிடும். எங்கள் ஊரில் பிறந்த குரல் என்பதால் எனக்கு அவர்மீது தனி உரிமை உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

வெளியே பாடுவதற்கு முன்

பழகுவதற்கு யாருடைய மெட்டிலும் எழுதலாம், வீட்டில் பாடலாம். மேடையிலோ இணையத்திலோ உங்கள் பெயரில் வெளியிடுவதென்றால் மெட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும், அல்லது உரிமை முடிந்ததாக இருக்க வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி பாடலாசிரியர், இசையமைப்பாளரின் பதிப்புரிமை அவர் வாழ்நாளும் இறந்த பின் 60 ஆண்டுகளும் இருக்கும். கும்மி, தாலாட்டு, சிந்து போன்ற பழைய நாட்டுப்புற மெட்டுகளுக்கு உரிமையாளர் இல்லை. ஆனால் அவற்றுக்கு ஒருவர் புதிதாக அமைத்த பின்னணி இசைக்கு உண்டு. அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்கள் பாட்டுக்கு நீங்கள் பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உங்களுடையதே. இருந்தாலும் எழுதிய தாளில் தேதி போடுங்கள், செல்பேசியில் பாடிப் பதிவு செய்து அந்தக் கோப்பை அழிக்காமல் வையுங்கள். பின்னால் யாராவது கேட்டால் சான்று வேண்டும்.

ஒலிப்பதிவுக் கூடத்துக்கு உடனே ஓட வேண்டாம். அறையின் சன்னலைச் சாத்திவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கட்டிலில் மெத்தை இருக்கும் பக்கம் பார்த்துப் பாடினால் செல்பேசியிலேயே குரல் தெளிவாகப் பதியும். வேலூர் வெயிலில் மின்விசிறி இல்லாமல் பாடுவது கடினம்தான், அதிகாலையில் பாடிவிடுங்கள். குரலும் அப்போதுதான் நன்றாக இருக்கும்.

முதல் அரங்கேற்றத்துக்கு நம் பக்கம் இடத்துக்குக் குறைவில்லை. மார்கழி பஜனை இருக்கிறது. தேவாலயங்களில் கீர்த்தனை பாடும் குழுக்கள் இருக்கின்றன. வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் நடக்கும்போது தெருவெல்லாம் பம்பை ஒலிக்கும். அம்மன்மேல் புதிதாகக் கட்டிய பாட்டென்றால் பம்பைக்காரர்களிடம் முன்கூட்டியே பாடிக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். வேலூர்க் கோட்டை மைதானத்தில் மாலையில் நண்பர்கள் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்தாலும் அது மேடைதான். மருந்துக்கடை இளைஞர் தம் பாட்டை முதலில் பாடியது தங்கும் விடுதி ஒன்றின் வரவேற்பறையில், அந்த வங்காளக் குடும்பங்களுக்கு முன்னால். மொழி புரியாதவர்கள் இரண்டாம் முறை பல்லவி வந்தபோது ‘தாயே’ என்ற சொல்லில் சேர்ந்து பாடினார்களாம்.

பாடி முடித்த அன்று இரவே நோட்டைத் திறங்கள். எந்த வரியில் கேட்பவர்கள் தலையாட்டினார்கள், எந்த வரியில் உங்களுக்கே மூச்சு போதவில்லை என்று ஓரத்தில் குறித்துவையுங்கள். மூச்சு போதாத வரியில் ஒரு சீரை மட்டும் மாற்றுங்கள், முழு வரியைக் கலைக்க வேண்டாம். மாற்றிய பாட்டை அடுத்த பக்கத்தில் தேதியோடு முழுவதுமாகத் திரும்ப எழுதுங்கள். பிறகு, உங்களுக்குப் பிடித்த அதே இசைக்கலைஞரின் வேறொரு பாட்டை எடுத்து, சொற்களை ஒதுக்கிவிட்டுத் தத்தகாரத்தில் பாடத் தொடங்குங்கள். இந்த முறை மூன்று மூன்றாக நடக்கும் திஸ்ர நடைப் பாட்டாகப் பார்த்து எடுங்கள். ‘தானன’ பழகிய வாய்க்கு ‘தான தான’ முதலில் கொஞ்சம் அடம்பிடிக்கும்.